ரயிலே இல்லாத மலையில ஒரு டோக்கன்

பேயி, முனி, காத்து கருப்புன்னு எவளாச்சும் என்னாண்ட வந்து அழுதா, மொதல்ல அவ கண்ணு கீழ் எமைய இழுத்து ரத்தம் கீதா இல்லியான்னு பாக்குறவ நான். வருசக்கணக்கா நர்சம்மா வேல. முனி அடிச்சிடுச்சின்னு தூக்கியாந்ததுல பாதிக்கு ரத்த சோக, மீதிக்குக் காய்ச்சல். ஊசி போட்டா முனி ஓடிரும். அப்படிப்பட்டவ சொல்றேன், அதனால நடுவுல சிரிக்காதீங்க. சிரிச்சா எழுந்து போய்டுவேன், எனக்குக் கோவம் சட்டுனு வரும்.

எனக்குக் கிறுக்குன்னா ஒண்ணே ஒண்ணுதான், ரயிலு. எங்கப்பா ஜோலார்பேட்ட பக்கம் ரயில்வே கேட்டுல கேட்டுக்காரரு. நான் பொறந்ததே அந்த கேட்டு வூட்டுலதான். கூட்ஸு வண்டி போனாத்தான் எனக்குத் தூக்கமே வரும்னு அம்மா சொல்லும். அப்பேர்ப்பட்டவள கவர்மெண்டு எங்க கொண்டாந்து போட்டுது தெரியுமா? ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர்ல. சாம அரிசி கீது, புளி கீது, தேன் கீது, ரயிலு மட்டும் இல்ல. ஒரு கெழவரு என்னக் கேட்டாரு, "ரயிலுன்னா பஸ்ஸு மாதிரியே நீட்டா இருக்குமாமே, வளைவுல எப்பிடிம்மா திரும்பும்?"ன்னு. அன்னிக்கு முழுக்க அவருக்குப் படம் போட்டுக் காட்டினேன், ரெண்டு தடுப்பூசி பாக்கி நின்னு போச்சு.

மருந்துப் பொட்டியில பஞ்சுக்கு அடியில ரயில்வே டைம்டேபுள் வெச்சிருப்பேன். காலைல கஞ்சி வெக்கும்போதே மணியப் பாத்து, "பெங்களூர் வண்டி இப்ப ஜோலார்பேட்ட வந்திருக்கும்"னு சொல்லுவேன். எங்க வூட்டுக்காரரு மலையிலயே பள்ளிக்கூட வாத்தியாரு, "வந்து நமக்கு இன்னாடி ஆவப் போவுது, உப்பப் போடு"ம்பாரு. மாசத்துக்கு ஒரு தபா திருப்பத்தூர்ல மீட்டிங்கு. முடிஞ்ச ஒடனே ஜோலார்பேட்ட போய் பிளாட்பாரத்துல ஒக்காந்து, போற வர்ற எஞ்சின் நம்பரெல்லாம் நோட்டுல எழுதிட்டுத்தான் மலையேறுவேன். ஜனங்க எனக்கு வெச்ச பேரே ரயிலம்மா. எங்களுக்குப் பிள்ள இல்ல, அதனால அந்தக் கிறுக்க யாரும் பெருசா எடுத்துக்கல.

எழுபத்தேழோ எட்டோ, லீவெல்லாம் சேத்து வெச்சி ரெண்டு பேரும் சிலோன் போனோம். எங்க பெரியம்மா பொண்ணு அங்க தேயிலத் தோட்டத்துல கீது, அதப் பாக்கப் போறோம்னு பேரு. நெசமா நான் போனது ரயிலுக்கு. ராமேஸ்வரத்துல கப்பலு, எங்க வூட்டுக்காரரு கர வர்ற வரைக்கும் வாந்தி, தலைமன்னார்ல எறங்கினா ரயிலு ரெடியா நிக்குது. அப்பறம் வழியில வண்டி மாறினா, அது மலைமேல ஏறுது பாருங்க, மேகத்துக்குள்ள பூந்து பூந்து போவுது. நான் ஜன்னல்லேருந்து தலைய உள்ள இழுக்கவே இல்ல. மலையும் கீது ரயிலும் கீது, எங்க மலைக்கு மட்டும் இன்னா கேடுன்னு அழுகையே வந்துடுச்சி எனக்கு.

பெரியம்மா பொண்ணு வூட்டுக்குக் கீழ ஒரு சின்ன ஸ்டேஷன். அங்க டோக்கன் குடுக்குறவரு ஆறுமுகம்னு ஒரு பெரியவரு. டோக்கன்னா இன்னான்னு சொல்லிடுறேன். ஒத்தத் தண்டவாளம், ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான் போவணும். ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவுல வழி காலின்னா மட்டும் மெஷின்லேருந்து ஒரு வில்ல வெளிய வரும். அத்தத் தோல் பையில போட்டு, பெரிய பிரம்பு வளையத்துல கட்டி, ஓடுற வண்டிக்கு நீட்டுவாங்க. எஞ்சின்ல கீற ஆளு கைய உள்ள வுட்டு வாங்கிக்குவாரு. அது கையில இல்லாம எவனும் வண்டிய எடுக்கக் கூடாது, ராஜாவே வந்தாலும் நிக்க வேண்டியதுதான்.

தெனம் காலைல போய் நின்னேன். மூணாம் நாளு வெக்கத்த வுட்டு, "ஐயா, எனக்கு ஒரு தபா குடுங்களேன்"ன்னு கேட்டுட்டேன். அவரு சிரிக்கல. வண்டி போனப்புறம் வேற காலி வளையம் ஒண்ண எடுத்துக்கிட்டு பிளாட்பாரத்துல நின்னாரு. அவருக்கு வலது தோளு சாஞ்சிருக்கும், சின்ன வயசுல விழுந்ததாம். "வளையத்தப் பார்க்காதீங்க தங்கச்சி, என் தோளப் பாருங்க"ன்னாரு. "தோளு எறங்கியிருந்தா வழி இல்லை, நிக்கணும். தோளு ஏறினா கைய நீட்டுங்க." நான் பொடவைய தூக்கிச் செருவிக்கிட்டு அந்தக் கடைசிலேருந்து ஓடியாறேன், எங்க வூட்டுக்காரரு, ஐயோ மானம் போவுதேன்னு அந்தாண்ட திரும்பி நின்னுக்கிட்டாரு. கிட்ட வந்ததும் நான் வளையத்தத்தான் பாத்தேன். பொளேர்னு முழங்கைக்குக் கீழ அடி, கைய சுத்தி நீலமாப் பட்ட போட்டுக்கிச்சி. பத்து நாளு வலி. அவ்ளோ சந்தோசமா நான் அடி வாங்கினதே இல்ல. ஊருக்கு வந்தப்புறம் பொங்கலுக்கு நான் கார்டு போடுவேன், அவரும் பதிலு போடுவாரு, மழை, வண்டி லேட்டு, அவ்ளோதான்.

ரெண்டு மூணு வருசம் கழிச்சி, மார்கழி பொறந்த புதுசு. எங்க மலைப்பனி உங்களுக்குத் தெரியாது, எதிர்ல நிக்கிற மாட்டுக்குக் கொம்பு கீதா இல்லியான்னு தெரியாது. விடியற நேரத்துல காளின்னு ஒரு ஆளு ஓடியாறான், பொண்டாட்டி வெள்ளச்சிக்கு மொதப் பிரசவம், ராத்திரிலேருந்து வலியாம். போய்ப் பாக்குறேன், பிள்ளையோட கை மொதல்ல வந்து வெளிய தொங்குது. குறுக்கப் படுத்துக்கிச்சி. இத்த நானு எடுக்க முடியாது, ஆப்பரேசன் பண்ணித்தான் எடுக்கணும், திருப்பத்தூர் போயாவணும், அதுவும் ஒடனே. அந்தக் கைய ஈரத்துணியில சுத்தினேன். நெல்லிக்கா சைசு கை, நீலம் பாஞ்சி கீது, ஆனா என் வெரல லேசா புடிச்சிது. புடிச்சிதுங்க. அப்ப நான் மனசுக்குள்ள கத்தினேன், ஆண்டவரே, இத்த எங்கிட்டேருந்து எடுக்காதீங்கன்னு.

புளி ஏவாரி ஒருத்தரோட ஜீப்பு அன்னிக்கி எங்க ஊர்ல நின்னுது, நாங்க பண்ண புண்ணியம். டிரைவரு கோபாலு, நல்ல பையன், வாய்தான் காது வரைக்கும். பின்னால வெள்ளச்சி காளி மடியில, முன்னால நானு. ஆலங்காயம் பக்கமா எறங்குறோம். பனில கோபாலு கண்ணாடிக்கு வெளிய தலைய நீட்டி ஓட்டுறான், ஆனாலும் வேகமாத்தான் வர்றான், நாந்தான் வெரட்டினேன்.

கொண்டையூசி வளைவு ஒண்ணு, இந்தாண்ட பாற, அந்தாண்ட பள்ளம், ஒரு வண்டிதான் போவும். அதுக்கு நாப்பதடி முன்னால ரோட்டோரம் ஒரு ஆளு நிக்கிறாரு. காக்கி கோட்டு, கழுத்துல மப்ளர். மூஞ்சி பனியில தெரியல. கையில பெரிய பிரம்பு வளையம், கீழ தொங்குது. வலது தோளு சாஞ்சி, எறங்கி கீது.

நான் யோசிக்கவே இல்ல. கேட்டு வூட்டுல வளந்த புத்தி. "நிறுத்துடா!"ன்னு கத்தி கோபாலு கைமேல ஒண்ணு போட்டேன். வண்டி கிறீச்சுன்னு நின்னுது.

"இன்னாம்மா, இன்னாச்சி?"

"வழி இல்ல. நில்லு."

"வழி இல்லியா? எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல! உள்ள உசுரு போய்க்கினு கீது, நீங்க இன்னா பேசுறீங்க?"

நான் அந்த ஆள கை காட்டினேன். கோபாலு பாத்தான், என்னப் பாத்தான், "யாரும்மா? எங்க?"ன்னான். பின்னால காளி அழுவுறான், "அம்மா, உங்க கால்ல விழுறேன், போவச் சொல்லும்மா." வெள்ளச்சி முனகுறா. எனக்குக் கூசிப் போச்சு. ரயில்கிறுக்கு முத்தி, ரோட்டுல ரயில்காரர் நிக்கறாருன்னு ஒரு பிரசவ கேச நிறுத்தி வெச்சிருக்கேனே, இந்தப் பொண்ணு செத்தா நான் இன்னா பதிலு சொல்லுவேன்? ஆனா அந்தத் தோளு ஏறல. வண்டிய எடுடான்னு சொல்ல வாய் வரல எனக்கு. ஒரு கையில வெள்ளச்சி நாடியப் புடிச்சேன், மார்ல குத்தியிருந்த வாட்சுல டைம் பாத்தேன், ஏழு நாப்பத்தி ரெண்டு. பழக்க தோசத்துல தேதியோட நோட்டுல வேற குறிச்சேன், பைத்தியக்காரி.

கோபாலு பொறுக்க மாட்டாம கியரப் போட்டான். அந்த நேரம் வளைவுக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு லாரி வந்துது பாருங்க. சந்தனக் கட்ட கடத்துற லாரி, ஏத்தறதுக்குக் காலியா மேல போவுது. லைட்டு இல்ல, ஹாரன் இல்ல, வளைவு மொத்தத்தையும் அடச்சிக்கிட்டு எமன் மாதிரி வந்து, எங்க ஜீப்ப ஒரு சாண் வித்தியாசத்துல ஒரசாம தாண்டிப் போச்சு. நாங்க அந்த வளைவுக்குள்ள இருந்திருந்தா பள்ளந்தான். நாலு பேரு. இல்ல, அஞ்சு பேரு.

நான் மறுபடி அந்த ஆளப் பாத்தேன். தோளு ஏறுச்சி. வளையம் ஒசந்து நின்னுது. "எடு"ன்னேன். வண்டி நவுந்து வேகம் புடிச்சி அந்த ஆள தாண்டும்போது நான் கைய வெளிய நீட்டினேன். பொளேர்னு விழுந்துது. நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க, அந்தப் பிரம்ப என் கை வாங்கிச்சி. இழுத்து மடியில வெச்சி இறுக்கிப் புடிச்சிக்கிட்டேன். தோல் பையோட கனம் கூட இன்னும் தொடையில கீது. இது கையில கீற வரைக்கும் எதிர்ல எவனும் வர மாட்டான்னு ஒரு தைரியம். திருப்பத்தூர் வரைக்கும் ஒரு மாட்டுவண்டி கூட எங்களுக்குக் குறுக்க வரல.

ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சரு வந்துது, நான் எறங்கினேன். மடியில ஒண்ணும் இல்ல. ஜீப்புல தேடினேன், சீட்டுக்கு அடியில கூடப் பாத்தேன். "இன்னாம்மா தேடுறீங்க?"ன்னான் கோபாலு. ஒண்ணுமில்லன்னுட்டேன். ஒம்போதரைக்குப் பொம்பளப் பிள்ள பொறந்துது, அந்த நீலக்கைய ஆட்டிக்கிட்டு ஊரையே கூட்டிச்சி. டாக்டரம்மா வெளிய வந்து, "இன்னும் கால் மணி தாமதம்னா ரெண்டும் இல்ல"ன்னாங்க. அப்பறம் என் கையப் பாத்து, "இதென்ன, யாரு அடிச்சது?"ன்னு கேட்டாங்க. முழங்கைக்குக் கீழ, கைய சுத்தி நீலப்பட்ட. வராண்டாவுல ஒக்காந்து அந்தக் கையக் கட்டிக்கிட்டு அழுதேன். யாருக்கு ஸ்தோத்திரம் சொல்றதுன்னு தெரியாம எல்லாருக்கும் சொன்னேன்.

அந்த ஆளப் பத்தியும் வளையத்தப் பத்தியும் ஒருத்தராண்டையும் சொல்லல. எங்க வூட்டுக்காரராண்ட கூட, கதவுல இடிச்சிக்கிட்டேன்னுதான் சொன்னேன். சொன்னா என்ன வேப்பல அடிக்கக் கூட்டிப் போயிருப்பாரு.

மூணு வாரம் கழிச்சி சிலோன்லேருந்து கவரு. பொங்கலுக்கு இன்னும் நாளு கீது, நான் கார்டும் போடல. வழக்கமா நாலு வரி எழுதற ஆறுமுகத்தய்யா அன்னிக்கு ரெண்டு பக்கம் எழுதியிருந்தாரு. ஒரு நாள் காலைல டோக்கன மெஷின்லேருந்து எடுத்து வளையத்துல மாட்டி பிளாட்பாரத்துக்கு வந்து நின்னாராம், கையில வளையம் இல்லியாம். ஸ்டேஷனே தேடியிருக்குது. டோக்கன் இல்லாம வண்டி ஏழு நாப்பதுலேருந்து ரெண்டு மணி நேரம் அசையாம நின்னுச்சாம். அப்பறம் பாத்தா வளையம் எப்பவும் மாட்டுற கொக்கியில தொங்குதாம், தோல் பையெல்லாம் செம்மண்ணு. அவருக்கு மெமோ குடுத்துட்டாங்களாம், இத்தன வருச சர்வீசுல மொத மெமோ. தேதி போட்டிருந்தாரு. நோட்ட எடுத்துப் பாத்தேன், அதே தேதி.

என்னாலதான் ஒரு நல்ல மனுசன் மெமோ வாங்கினாரு. அவரு ஒரு வார்த்த கொற சொல்லல. வெள்ளச்சி பொண்ணு இன்னிக்கி ரெண்டு பிள்ளைக்குத் தாயி, அறுப்பு முடிஞ்சா அந்தக் கையாலதான் எனக்குச் சாம அளந்து போடுது. அது அளக்கும்போதெல்லாம் நான் அந்தப் பெரியவர நெனச்சிக்குவேன். கடுதாசிக்கு நான் போட்ட பதிலு ஒரே வரி, "ரெண்டு பேரும் சுகம் ஐயா, நீங்க நல்லா இருக்கணும்." அவரு அதுக்கப்பறம் அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல, நானும் கேக்கல, கேக்கவும் பயம். ஏன்னா அந்த ரெண்டாம் பக்கத்துல, கையெழுத்துக்கும் கீழ, எடம் பத்தாம பொடி எழுத்துல இப்பிடி எழுதியிருந்தாரு:

"தாயும் பிள்ளையும் சுகந்தானே? உங்க கை வீக்கம் வத்திடுச்சா? இந்தத் தடவையும் வளையத்தத்தான் பார்த்தீங்க, தங்கச்சி."