வலப்பக்கம் மட்டும் திரும்பும் விமானம்

எழுபதுகளின் கடைசியில், கிரிவல மலையின் அடிவாரத்து வேங்கிக்காலில் எங்கள் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் தாமே படம் வரைந்து ஒரு குட்டி விமானம் கட்டினார். ஒல்லி உடம்பு, சோடாபுட்டிக் கண்ணாடி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறுவார்.

அது வலப்பக்கம் மட்டுமே திரும்பும் என்றார்.

“இடதுபக்கம் திரும்ப வேணாமா சார்?”

“எதுக்குங்க? மலைய யாராவது இடமா சுத்துவாங்களா?”

“அப்போ திரும்பி எப்படி வருவீங்க?”

“முழுசா ஒரு சுத்து வந்தா, கெளம்புன எடத்துக்கே வந்துடுவோமில்ல?”

ஒருநாள் களத்துமேட்டில் விமானத்தில் பொருத்திய ஸ்கூட்டர் இன்ஜினை முடுக்கினார். விமானம் ஓரடிகூட எழும்பவில்லை. தரையிலேயே உருண்டு, வைக்கோல்போரை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, கழற்றிவைத்த செருப்பின் பக்கத்திலேயே வந்து நின்றது. இறங்கியவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார்.

“சொன்னேனா இல்லையா?”

அவர் கணக்கில் எங்கே தப்பு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.