ஸ்கந்தராஜா சாரின் ஆறாவது விதி

நான் நாலு வருஷம் ஸ்கந்தராஜா சாரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனவள். காரில் முன்சீட்டு அவருக்கு, பின்சீட்டின் நடு இடம் எனக்கு. எண்ணெய் தடவிப் படிய வாரிய நரைமுடி, அதற்குக் கீழே கழுத்தில் திட்டுத்திட்டாகப் பவுடர். அவர் முகத்தைவிட அந்தப் பிடரிதான் எனக்கு நன்றாகத் தெரியும். முதல் இரண்டு வருஷம் அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். இன்றைக்கு அவரை யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுவேன்.

கார் அர்ச்சுனன் அண்ணனுடையது. மஞ்சள் நிற டட்சன். அவர் தைப்பிங்கை அடுத்த கமுண்டிங்கில் ஒரு மரத் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டினார். அங்கேயே ஸ்டோரில் வேலை பார்த்த பழனியப்பனையும், தைப்பிங்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஸ்கந்தராஜா சாரையும் ஈப்போவில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்புவார். சுங்கை சிப்புட் தாண்டி எங்கள் ஆத்துமேட்டு ரப்பர் தோட்டத்துச் சந்தியில் நான் ஏறுவேன். தோட்டம் என்பது பெயருக்குத்தான். வெள்ளைக்காரக் கம்பெனி அதைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன பிறகு பால்மரம் சீவ ஆள் தேவைப்படவில்லை. எண்பத்தைந்தில் எனக்குக் கமுண்டிங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எங்கள் லயத்துக் குடியிருப்பில் முதன்முதலாகச் சேமநிதி அட்டை வாங்கிய பெண் நான்தான். அந்த அட்டையை ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தேன்.

அந்த வேலையில் ஒரே ஒரு கழுத்தறுப்பு இருந்தது. ஏழு மணிக்குக் கேட்டை அடைத்துவிடுவார்கள். மாதத்தில் மூன்று முறை தாமதமானால் கணக்கை முடித்துச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். எங்கள் சந்திக்கு வரும் முதல் பஸ்ஸில் போனால் ஏழே முக்கால் ஆகும். அதனால் எனக்கு வேலை என்றால் அர்ச்சுனன் அண்ணன் கார்தான்.

முதல் நாள் ஏறும்போதே முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்தில் காரின் விதிகள். எழுதியவர் சார். இது சொந்தக் கார், டாக்சி இல்லை, ஆகவே கட்டணம் என்று யாரும் பேசக்கூடாது, பெட்ரோலில் பங்கு மட்டும்தான் என்று முதல் விதி. யாருக்காகவும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் கார் நிற்காது என்று இன்னொன்று. நெத்திலிச் சம்பல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்றுகூட ஒன்று இருந்தது. அது பழனியப்பனுக்காகவே எழுதியது. ஆறாவது விதி: எந்தப் பாதையில் போவது என்பதைப் பெரும்பான்மை முடிவு செய்யும். ஓட்டுபவருக்கு ஓட்டு இல்லை.

"ஓட்டுறவனுக்கே ஓட்டு இல்லியா?" என்று நான் கேட்டேன்.

அர்ச்சுனன் அண்ணன் சிரித்தார். "எனக்கு ஸ்டேரிங் இருக்குலா, வீரம்மா. ஓட்டு எதுக்கு?"

எனக்கு அந்தத் தாளும் பிடிக்கவில்லை, எழுதியவரையும் பிடிக்கவில்லை. காரணம் பழையது. எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் சாரைப் போலச் சிலோன்காரர்தான். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்துப் பெயர் கூப்பிடும்போது என் அப்பா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அவர் முன்னால் நிற்பார். சார் திரும்பி, "என்ன பிள்ளை, இண்டைக்கு ரெண்டு நிமிசம் பிந்திட்டீர்" என்று கடிகாரத்தைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரட்டுக் களம்தான் ஞாபகம் வரும். பின்சீட்டு நடுவில் உட்காரச் சொல்லி யாரும் எனக்குச் சொன்னதில்லை. கிராணிக்கு நேர் பின்னால் உட்காரக்கூடாது என்று நானாகவே போய் உட்கார்ந்துகொண்டதுதான்.

எண்பத்தேழாம் வருஷக் கடைசியில் ஈப்போவிலிருந்து தைப்பிங்குக்குப் பக்கத்துச் சங்காட் ஜெரிங் வரைக்கும் நெடுஞ்சாலை திறந்தார்கள். ஈப்போவை ஒட்டிய ஜெலப்பாங்கில் டோல் சாவடி. திறப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே காரில் வேறு பேச்சு கிடையாது.

"கவர்மெண்டு போட்ட ரோட்டுல போறதுக்கு நம்ம எதுக்கு சார் காசு குடுக்கணும்?" என்று பழனியப்பன் பொருமுவார்.

"மலையைக் குடைஞ்சு வழி விட்டிருக்கிறாங்கள், ஐசே. முக்கால் மணித்தியாலம் மிச்சம். நேரம் வேற எந்தக் கடையில விக்கிறாங்கள் எண்டு சொல்லும், பாப்பம்."

சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் பிடித்துப் போய்ச் சாவடியைப் பார்த்துவிட்டு வந்தார். எந்த வரிசையில் லாரிகள் நிற்கும், எதில் சில்லறை சரியாக வைத்திருப்பவர்கள் போகலாம், கண்ணாடி போட்ட பெண் இருக்கும் வரிசை எவ்வளவு சுறுசுறுப்பு என்று ஒரு வாரம் பாடம் நடத்தினார். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைகூட அவ்வளவு விவரம் கொண்டுவந்திருக்க மாட்டார்.

புதிய பாதை மலைப்பக்கமாகத் தள்ளிப் போகிறது, எங்கள் சந்தி பழைய பாதையில் இருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு சார் ஆறாவது விதிப்படி ஓட்டுக் கேட்டார். அவர் கை தூக்கினார். அரை மனதோடு பழனியப்பனும் தூக்கினார், தூக்கம் யாருக்குத்தான் கசக்கும்? நான் ஒருத்தி எதிர்த்தேன்.

"அப்ப நான் எங்க ஏறுறது?"

சார் தாளில் ஆறாவது விதியை விரலால் தொட்டார். "விதி விதிதானே, பிள்ளை" என்றார் மெதுவாக.

"கிராணி புத்தி!" என்று கத்திவிட்டேன். "எங்க பொழப்ப நீங்க எப்பவும் தாள்லதான எழுதி முடிச்சிருக்கீங்க!"

அவர் திரும்பவில்லை. காது இரண்டும் சிவந்ததைப் பார்த்தேன். நன்றாக வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

வழி கண்டுபிடித்தவர் அர்ச்சுனன் அண்ணன். புது நெடுஞ்சாலை எங்கள் தோட்டத்தின் கடைசிப் பிரிவின் வழியாகத்தான் வெட்டிக்கொண்டு போகிறது. நான் ஒன்பது வருஷம் பால் எடுத்த காடு அது. வீட்டிலிருந்து நாற்பது நிமிஷம் நடந்தால் ரோட்டோரக் கம்பிவேலி வந்துவிடும். காண்டிராக்டர் அடைக்காமல் விட்ட ஓர் ஓட்டையும் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீ லைட்டக் காட்டு, நான் நிறுத்துறேன். ஒரு நிமிஷம்தான்" என்றார் அண்ணன்.

பால் வெட்டும்போது நெற்றியில் கட்டும் விளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். விடியுமுன் அதே மரங்களுக்கு நடுவே நடந்து, வேலிக்கு வெளியே வந்து, தலையை இரண்டு முறை ஆட்டுவேன். டட்சன் வந்து நிற்கும். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. நான் பால் வெட்டிய மரத்தைத் தள்ளிப் போட்ட ரோடு, நான் நின்றால் என்ன? நெடுஞ்சாலையில் கார் நிறுத்தக்கூடாது என்று தோட்டத்துக் காட்டில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்?

சாருக்குத் தெரியும். "இது சட்டத்துக்கு மாறு" என்று முதல் நாள் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான் ஏறும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு மலையைப் பார்ப்பார். விடியாத இருட்டில் என்ன மலை தெரியும்? நாளைக்குக் கேஸ் என்று வந்தால் சாட்சி சொல்லாமல் தப்பிக்கத்தான் இந்தத் தந்திரம் என்று நானும் பழனியப்பனும் பின்சீட்டில் கண்ணடித்துக்கொள்வோம். நாலு மாதம் அப்படிப் போனது.

சீனப் பெருநாள் முடிந்த வாரம். நல்ல மழை. நான் தலையை ஆட்டினேன், கார் நின்றது, கதவைத் திறக்கவும் பின்னாலேயே போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி டார்ச்சை என் நெற்றி விளக்கில் அடித்து, வேலி ஓட்டையில் அடித்து, கடைசியில் அர்ச்சுனன் அண்ணன் முகத்தில் அடித்தார். பணம் வாங்கி ஆள் ஏற்றுகிறாயா என்று மலாயில் கேட்டார். அண்ணன் லைசென்ஸை எடுத்து நீட்டினார். லைசென்ஸ் போனால் போர்க்லிப்ட் வேலையும் போகும்.

முன்கதவு திறந்தது. சார் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். தொலைந்தோம், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குடையை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே, சுத்தமான மலாயில் சொன்னார்: நிறுத்தச் சொன்னது நான்தான். இது வாடகைக் கார் இல்லை. இந்தக் காரின் விதிகளை எழுதியவனும் நான்தான், வேண்டுமானால் படித்துக் காட்டுகிறேன்.

அதிகாரி தாளைப் பார்த்தார். ஒரு மாதிரிச் சிரித்தார். ஆனாலும் நெடுஞ்சாலையில் நிறுத்தியதற்குச் சம்மன் எழுதினார். இன்னொரு முறை பிடித்தால் காரும் போகும், லைசென்ஸும் போகும் என்றார். சார் அந்தச் சம்மனை அண்ணன் கையிலிருந்து வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் கேட்டுக்கு வந்தபோது ஏழு பத்து. அந்த மாதத்தில் அது எனக்கு இரண்டாவது தாமதம். காரை விட்டு இறங்கும்போது சார் முதல்முறையாக முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நாளையில இருந்து அங்க வந்து நிக்கவேண்டாம், பிள்ளை."

அவ்வளவுதான், என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. மழையில் குடை பிடித்த மனுஷனை என்னவென்று திட்டுவது?

மறுநாள் நான் காட்டுக்குள் போகவில்லை. குளிக்கவும் இல்லை. கைலியோடு லயத்துப் படியில் உட்கார்ந்து, சீனத் தவுக்கே முதலாளியின் துண்டு நிலத்தில் பால் வெட்ட ஆள் கேட்டார்களே, போய் நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சேமநிதி அட்டையை நினைத்து அழுகை வந்தது. அப்போது செம்மண் ரோட்டில் வெளிச்சம் தெரிந்தது. மஞ்சள் டட்சன், சந்தியில் நிற்காமல், லயத்து வாசல் வரைக்கும் வந்து ஹார்ன் அடித்தது.

"என்னலா இன்னும் கைலியோட நிக்கிற? ஏறு!" என்றார் அண்ணன். "சார் ஓட்ட மாத்திட்டாரு. பழைய ரோடுதான் இனிமே."

நான் ஓடிப்போய் இரண்டு குவளைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, யூனிபார்மை மாட்டிக்கொண்டு ஓடிவந்தபோது பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. ஐந்து நிமிஷ விதி எழுதியவர் கடிகாரத்தைத் தட்டவில்லை. பழனியப்பன் மட்டும் பின்சீட்டில், "என் தூக்கம் போச்சு, சம்பலாவது பிரிச்சுக்கிறேன்" என்று முனகினார். அண்ணன் அன்றைக்கு ஓட்டிய ஓட்டம் வேறு. கேட்டுக் காவலாளி சங்கிலியைக் கையில் எடுத்தபோது நான் உள்ளே போய்விட்டேன்.

போகும் வழியில்தான் அந்தத் தாளைக் கவனித்தேன். ஆறாவது விதியை அடிக்கோல் வைத்து நேராக அடித்திருந்தார். அதற்குக் கீழே அதே முத்துக் கையெழுத்தில் எழுதியிருந்தது: "கடைசியாக ஏறும் ஆள் நிற்கும் வழியே காரின் வழி."

அவர் ஓய்வு பெறும் வரைக்கும், ஒன்றரை வருஷம், டட்சன் டோல் பக்கமே போகவில்லை. அவ்வளவு ஆசைப்பட்ட ரோட்டில் அந்த மனுஷன் நாலு மாதம்தான் போனார். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதற்குள் நான் சூப்பர்வைசருக்கு உதவியாளாகி, கமுண்டிங்கிலேயே இன்னொரு பெண்ணோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்குகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அவர் ஓய்வு பெற்ற மாதம், ஒரு வேட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு ஈப்போவில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் சக்கர நாற்காலியில் ஓர் அம்மா. வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. சார் பின்னால் நின்று அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நாலு வருஷம் ஒரே காரில் போயும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை.

"ஆத்துமேட்டுப் பிள்ளையோ?" என்றார் சாரின் மனைவி அன்னபாக்கியம் அம்மா. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் சிரிப்பு நன்றாகத் தெரிந்தது. "உம்மால என்ர நித்திரை திரும்பவும் ஒண்டரை வருசம் கெட்டுப்போச்சு. விடிய மூண்டரைக்கே எழுப்பிக் குளிப்பாட்டுவார் இந்த மனுசன்."

அம்மா சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது. பத்து வருஷமாகப் படுக்கையில் இருந்தவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, உட்கார வைத்துவிட்டுத்தான் அவர் வேலைக்கு வந்திருக்கிறார். ஈப்போவுக்கு மாற்றல் கேட்டு இரண்டு முறை எழுதியும் கிடைக்கவில்லை. டோல் ரோட்டில் மிச்சமாகும் முக்கால் மணி நேரம் சாருடைய தூக்கத்துக்காக இல்லை, அம்மாவுக்காக. அதைத்தான் நான் கிராணி புத்தி என்று கத்தினேன்.

"ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"விதியில அப்பிடி ஒண்டும் எழுதேல்லையே, பிள்ளை" என்றார் சார், சீப்பைப் பார்த்துக்கொண்டு.

"பொலிஸ் பிடிச்ச அண்டைக்கு இரவு வந்து என்னட்டத்தான் கேட்டவர்" என்றார் அம்மா. "வெள்ளன எழும்புறது நானும்தானே? அதால எனக்கும் ஓட்டு இருக்கு எண்டார். நான் பழைய ரோட்டுக்குப் போட்டன்."

நான் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, சாரின் கையிலிருந்த சீப்பை வாங்கினேன். அவருக்குத் தலை வாரத் தெரியவில்லை, வகிடு கோணலாக இருந்தது. அதைக் கலைத்து, நேராக வகிடு எடுத்துப் பின்னி விட்டேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைக் குளிப்பாட்டுவது என் வேலை. கமுண்டிங்கிலிருந்து பழைய ரோட்டுப் பஸ்ஸில்தான் வருகிறேன். நான் வந்து சேரும் வரைக்கும் சார் தூங்குகிறார்.