தெர்மாகோல் பெட்டியில் ஒரு நுரைக்கூடு

சிதம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு கரண்ட் போகும், நாலு மணிக்குத்தான் வரும். அந்த இரண்டு மணி நேரமும் நான் தரையில் படுத்துக்கொண்டு ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 2010-ஐ நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அதுதான். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வந்து ஊறுகாய் பாட்டிலில் விழும். பாட்டிலுக்குள் நீலமாக ஒன்று மெல்லத் திரும்பும். சுவரில் தண்ணீரின் வெளிச்சம் ஆடும். ஃபேன் நின்றுபோன வீட்டில் அசைவது அது ஒன்றுதான். பார்த்தபடியே தூங்கிப்போவேன், தூக்கத்திலும் அந்த நீலம் திரும்பிக்கொண்டிருக்கும். எழுந்த பிறகு எதைக் கண்ணால் பார்த்தேன், எதைக் கனவில் பார்த்தேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

நான் மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். கடலூர் முதுநகருக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. அப்பா கடலுக்குப் போவார். அம்மா அந்த மீனை தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். மீன் என்றால் எனக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கிற பொருள், சிவப்பாக இருந்தால் வாங்கலாம், வெளுத்திருந்தால் வேண்டாம். உயிரோடு இருக்கிற மீனைச் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் பார்த்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

அந்தக் கல்யாணத்தை நாங்களாகவே செய்துகொண்டோம். என் வீட்டுக்காரர் குறிஞ்சிப்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பம், சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்கும் எட்டத்தில் இருக்கட்டும் என்று சிதம்பரத்தில் வீடு பார்த்தோம். அப்பா என்னோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் பக்கத்து வீட்டு செல்போனிலிருந்து வாரம் ஒரு தடவை கூப்பிடுவாள்.

"நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன்மா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா."

அதோடு சரி. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. அலைச் சத்தத்தில் கத்தினால்தான் காதில் விழும் என்று பழகிய தொண்டைகள். அதிலும் நான் முன்கோபக்காரி, அம்மாவும் நானும் ஒரு நாளைக்கு நாலு சண்டையாவது போடுவோம். அப்படிப்பட்ட இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டோம். ஒரு வார்த்தை கூடப்போய் இந்தப் போனும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். ஊரில் எங்கள் வீட்டு வாசலில் மறுபடியும் போய் நிற்க வேண்டும், அப்பா ஏறிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

பகலெல்லாம் தனியாக இருக்கிறாளே என்று வீட்டுக்காரர்தான் முதலில் ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு தங்கமீனும் வாங்கிவந்தார். காற்று விடுகிற மோட்டார் கரண்டோடு நின்றது. வாரத்துக்கு ஒன்றாக நாலும் செத்துப்போயின. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, நீல மீன் ஒன்று நீந்துகிற ஊறுகாய் பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

"இத வச்சிப் பாருங்கக்கா. ஃபைட்டரு. கரண்ட் போனாலும் ஒண்ணும் ஆவாது, மேல வந்து காத்து இழுத்துக்கும். ஆனா இன்னொரு ஆம்பள மீன மட்டும் பக்கத்துல விட்டுடாதீங்க, கடிச்சே கொன்னுடும்."

என் குணத்துக்கு ஏற்ற மீன் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். வால் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினால் செவுளை விரித்துக்கொண்டு சிலிர்க்கும். குழாயடித் தொட்டியில் பிடித்த கொசுப்புழுவைப் போட்டால் ஒரே பாய்ச்சல். மற்ற நேரமெல்லாம் எதையோ யோசிக்கிறாற்போல் தண்ணீரின் நடுவில் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் பாட்டிலின் மேல் ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றினேன். மறுநாளும் நுரை. மறுபடி மாற்றினேன். மூன்றாவது நாள் கடையில் கேட்டேன். "ஐயோ அக்கா, அது கூடு கட்டுது. நீங்க தெனம் இடிச்சிடுறீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். எச்சில் தடவிய காற்றுக் குமிழிகளால் ஒரு கூடு. வீடு வேண்டும் என்று நினைத்த அதே நேரத்தில் நான் ஒரு வீட்டைத் தினமும் இடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதோடு அதைக் குஞ்சு பொரிக்க வைத்தே தீருவது என்று ஒரு பிடிவாதமும் வந்தது.

பெண் மீன் ஒன்று வாங்கிவந்தேன். பார்க்கச் சுமாராக, வால் கட்டையாக இருக்கும். அவசரப்பட்டு ஒன்றாக விட்டேன். பத்தே நிமிஷத்தில் பெண்ணின் வால் கந்தலாகிவிட்டது. தனியாக எடுத்துவைத்து, வால் வளர்கிற வரைக்கும் மூன்று வாரம் காத்திருந்தேன். அப்புறம்தான் கடைக்காரர் முறையைச் சொன்னார். அகலமான பெட்டி வேண்டும், நாலு விரல்கடைத் தண்ணீர் போதும், காய்ந்த பாதாம் இலை ஒன்றை மிதக்கவிட வேண்டும். பெண்ணைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டு அந்த டம்ளரைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஆண் பார்க்கட்டும், சுற்றட்டும், கூட்டைக் கட்டி முடிக்கட்டும். அப்புறம் டம்ளரை எடுத்தால் போதும்.

பெட்டிக்கு நான் எங்கே போவேன்? மீன் மார்க்கெட்டில் பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி, வாசனை போக மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். இலை ஊற ஊறத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. இலைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கூடு எழும்பியது. டம்ளரை எடுத்துப் பெண்ணை வெளியே விட்ட மறுநாள், மத்தியானம் வரைக்கும் நான் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. ஆண் வளைந்து பெண்ணை முழுதாகச் சுற்றிக்கொண்டது. இரண்டும் அப்படியே உயிரில்லாதவை போல் கீழே இறங்கின. ரவை மாதிரி வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. ஆண் விடுபட்டு ஒவ்வொன்றையும் வாயால் கவ்வி, மேலே போய் நுரையில் ஒட்டியது. மறுபடி சுற்றிக்கொண்டது, மறுபடி உதிர்ந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. அடுப்பில் சாதம் அடிப்பிடித்த வாசனை வேறு யார் வீட்டிலிருந்தோ வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் பெண்ணை எடுத்து பாட்டிலில் விட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. பின்னாளில் அந்த வீட்டில் எத்தனையோ தடவை குஞ்சு பொரித்தது. ஆனால் முட்டை வைத்த முதல் கூடு அதுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், அம்மா வந்து நின்றாள்.

கல்யாணமான இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டிலேயே என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சாப்பிடச் சொன்னேன்.

"வேணாம். ஒங்கப்பா மனசு எறங்காம நான் இங்க கை நனைக்க மாட்டேன். சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

சரிம்மா என்றேன், அதே ஆஸ்பத்திரிக் குரலில். அவள் குடிக்காவிட்டாலும் டீயாவது போட்டு வைப்போம் என்று பால் வாங்கக் கடைக்குப் போனேன். போய்வரப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பிவந்தபோது அம்மா பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தெர்மாகோல் பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதாம் இலை சாக்கடை ஓரத்தில் கிடந்தது. பெட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்தில் குண்டானில், நல்ல தண்ணீரில், நீலம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

"தே, இதுவாடி நீ பொட்டி வச்சிருக்கிற லச்சணம்? தண்ணி பழுப்பேறி நுர தட்டிக் கெடக்குது. இந்த மாரி பொட்டிய நம்ம மார்க்கெட்டுல வச்சா ஒருத்தன் கிட்ட வருவானா?"

அவளுக்கு அந்தப் பெட்டி என்றால் ஐஸ் கரைந்த தண்ணீர். நுரை என்றால் கெட்டுப்போன மீன். முப்பது வருஷமாக அதைக் கழுவிக் கழுவித்தான் எங்களை வளர்த்தாள். சாப்பிட மாட்டாள், ஆனால் மகள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் அவளுக்குத் தெரியாது. இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது.

"ஒன்ன யாரும்மா தொடச் சொன்னது? அது நுரை இல்ல, கூடு! அத்தினியும் முட்ட! நாளைக்குப் பொரிச்சிருக்கும்! செத்த மீன விக்கிறதத் தவிர ஒனக்கு வேற இன்னா தெரியும்?"

தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். பால் கவர் கையிலிருந்து நழுவியதைக்கூட நான் கவனிக்கவில்லை. கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. இரண்டு வருஷம் பொத்திப் பொத்திப் பேசியதெல்லாம் போயிற்று. இப்போது எழுந்து பையை எடுத்துக்கொண்டு போகப்போகிறாள், இனிமேல் போனும் வராது என்று நினைத்தேன். 

அம்மா நாரைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்த அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இப்பதாண்டி நீ எங்கிட்ட பேசுற" என்றாள். "போன்ல யாரோ வேத்து ஆளு பேசுற மாரியே இருக்கும். நம்ம பொண்ணுதானா இதுன்னு நெனச்சிக்குவேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் வந்து என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என்ன ஆக்கியிருக்கிறாய் என்று கேட்டாள். சாதமும் ரசமும் முருங்கைக்கீரையும் இருந்தது. போடச் சொல்லி, அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கீரையில் உப்பு ஜாஸ்தி என்றாள், இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டாள். நான் பெட்டியில் தண்ணீர் நிரப்பி அந்த மீனை மறுபடியும் விட்டு, அவள் எதிரில் கொண்டுவந்து வைத்தேன்.

அது நிற்கவே இல்லை. காலையில் கூடு இருந்த மூலைக்குப் போகும், வாயால் மேல்தண்ணீரைத் தடவிப் பார்க்கும், அடுத்த மூலைக்குப் போகும், கீழே இறங்கித் தரை முழுக்கத் தேடும், மறுபடியும் முதல் மூலைக்கு வரும்.

"இன்னாத்தடி தேடுது?"

"முட்டையதான்மா. இதுல அப்பன் மீனுதான் பாத்துக்கும். கீழ விழுந்தா வாயால எடுத்துப்போய் கூட்டுல வைக்கும்."

அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. வெகுநேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி, பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒங்கப்பா இப்ப ரோட்டு முன டீக்கடையிலதான் ஒக்காந்து கெடக்குறாரு. சிதம்பரம் பஸ்ஸு வந்து நின்னா எந்திரிச்சிடுவாரு. எறங்குறவுங்க மூஞ்ச ஒவ்வொண்ணாப் பாப்பாரு. பஸ்ஸு போனதும் ஒக்காந்துக்குவாரு. இன்னாய்யான்னு கேட்டா, காலு மரத்துப்போச்சி, அதான் நின்னேன்றாரு."

 நான் பெட்டியிலிருந்த அந்த மீனைப் பார்த்தேன். அது அப்போதும் மூலை மூலையாகப் போய்க்கொண்டிருந்தது.

"சீக்கிரம் சாப்புடும்மா" என்றேன். "அடுத்த பஸ்ஸப் புடிச்சிடலாம்."