இரண்டு வீசைக்கற்கள்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு வீசைக்கல் வைத்திருக்கிறேன். கிலோ வந்து வீசையை ஊரே மறந்த பிறகும் இந்த இரும்புக் கல்லை நான் விட்டபாடில்லை. இதற்கு ஜோடி ஒன்று உண்டு. இரண்டையும் கீழமாசி வீதிப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தவர், வைகைக்கு வடகரையில் இருந்த எங்கள் பள்ளியின் சயின்ஸ் வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் அங்கே டிராயிங் மாஸ்டர்.

கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எடுக்கும் பாடத்தை வைத்துத்தான் அவர் வேலை நிரந்தரமாகும். மனுஷன் போயும் போயும் ஈர்ப்பைத் தேர்ந்தெடுத்தார். உத்தரத்தில் கயிறு கட்டி, இரண்டு கற்களையும் அரை விரல் இடைவெளியில் தொங்கவிட்டு ஒரு வாரம் பார்த்தோம். அசைந்தால்தானே! "கனமுள்ள எதுவும் கனமுள்ள எதையும் இழுக்கும்ணே. பூமி அம்புட்டுப் பெரிசு, அது இழுக்குறது தெரியுது. இந்தக் கல்லுக சின்னது, இழுக்குறது கண்ணுக்குத் தெரியல. அதைத்தான் பயலுகளுக்குச் சொல்லப் போறேன்" என்றார். கல் அசையாவிட்டால் இன்ஸ்பெக்டர் என்ன எழுதுவாரோ என்பதுதான் என் கவலை. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, வேலை போனால் என்ன செய்வார்? இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலை, அலமாரியில் இருந்த காந்தத்தை எடுத்து ஒரு கல்லின் அடியில், மற்றக் கல் பக்கமாகத் தள்ளி ஒட்டி வைத்தேன்.

வகுப்பில் இன்ஸ்பெக்டரும் நானும் பார்த்திருக்க, வாத்தியார் கற்களை நிதானப்படுத்திக் கையை எடுத்தார். இரண்டும் டக்கென்று ஒட்டிக்கொண்டன. பையன்கள் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வாத்தியாரின் முகம் மட்டும் வெளுத்தது. கல்லின் அடியைத் தடவிக் காந்தத்தைப் பிடுங்கி எடுத்தார்.

"இது காந்தத்தோட வேலைங்கய்யா. கல்லு கல்லை இம்புட்டு வேகமா இழுத்தா, இந்நேரம் நீங்களும் நானும் ஒட்டிக்கிட்டுல்ல நிப்போம்."

வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்டர் முகம் கறுத்து, "யார் வச்சது?" என்றார். அலமாரிச் சாவி எங்கள் இருவரிடம்தான் இருந்தது. வாத்தியார் என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாதுங்கய்யா" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். வாயடைத்து நின்றதற்காக இன்றுவரை எனக்கு என்மேல் ஆத்திரம் தீரவில்லை.

அவர் வேலை போயிற்று. இலங்கையில் ஏதோ தோட்டத்துப் பள்ளியில் இடம் கிடைத்து, குடும்பத்தோடு ரயிலேறினார். வழியனுப்பப் போன என் கையில் ஒரு கல்லைத் திணித்தார். "ஒண்ணு ஒங்ககிட்ட இருக்கட்டும்ணே. தூரம் ரெட்டிச்சா இழுப்பு காவாசியாக் கொறையும். கொறையுமே தவிர அத்துப் போகாது. வாரேன்."

நான்தான் வைத்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு கடிதமும் நின்றுபோனது. அவருடைய கல் எங்கே கிடக்கிறதோ தெரியாது. இந்தக் கல்லைத் தூக்கினால் இன்றும் கை கனக்கிறது. அந்தக் கனம் முழுக்கப் பூமி இழுப்பதுதான் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.