மலையில் பெய்யட்டும், பந்தியில் வேண்டாம்

சபையில் இருக்கிற எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் சண்டே ஸ்கூலுக்கு இழுத்துக்கொண்டு வருகிறவள் நான். பதினாலு வருஷமாக டீச்சர். என்னுடைய ஒரே மகள் பிளெஸ்ஸி, ஒன்பது வயதுப் பிள்ளை, "நான் இனிமே கோயிலுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. எட்டு மாதம் வாசல்படி மிதிக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசமா என்று யாரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. எனக்குள்ளேயே அது கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த எட்டு மாதக் கண்ணீரைக் கர்த்தர் எப்படிச் சிரிப்பாக மாற்றினார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிட அதிகமாகப் பெருமை உண்டு. எங்களுடையது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சபை. ஆனால் வட்டார வேத வசனப் போட்டி என்றால் கேடயம் எங்களுக்குத்தான். ஐந்து வருஷம் தொடர்ந்து வாங்கினோம். அலமாரியில் வரிசையாக வைத்து, வாரா வாரம் என் சேலை முந்தானையால் நானே துடைப்பேன். பிள்ளைகள் வசனங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டால் முழிப்பார்கள். அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

போன நவம்பரில் பிள்ளைகளே ஆராதனை நடத்துகிற பாலர் ஞாயிறு வந்தது. பிளெஸ்ஸி வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் முழுவதும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் குளிக்கும்போதும் தலை பின்னும்போதும் தப்பில்லாமல் சொன்னவள், கோயிலில் நாலாவது வசனத்தில் நின்றுவிட்டாள். மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். எடுத்துக்கொடுத்தேன். பேச்சில்லை. மறுபடியும் எடுத்துக்கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் கட்டியதே தவிர வாய் திறக்கவில்லை.

"வீட்டுல கிளி மாதிரி சொன்னியேட்டி, இங்கன வந்து ஏன் மரம் மாதிரி நிக்க?" என்று கேட்டுவிட்டேன்.

மைக் அணையவில்லை. கோயில் முழுவதும் கேட்டது. நாலு பேர் சிரித்தார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இறங்கி, நேரே வெளியே போய் அவள் அப்பாவின் லோடு ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான்.

கெஞ்சினேன். புதுப் பாவாடை வாங்கித் தருகிறேன் என்றேன். ஒருநாள் அடித்தும்விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கை கூசுகிறது. அன்றைக்கு அவள் அழக்கூட இல்லை. "நீ போம்மா. நான் வந்தா ஒனக்குத்தான் அசிங்கம்" என்றாள். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்து, "ஆண்டவரே, என் பிள்ளையை மாற்றும், மாற்றும்" என்று அழுதேன். வானம் செம்புத் தகடாய் அடைத்துக்கிடந்தது போலத்தான் தோன்றியது.

இதற்குள் குற்றால சீசன் வந்தது. என் வீட்டுக்காரர் அருவிப் பக்கம் பழக்கடை போடுவார். ரம்புட்டான், மங்குஸ்தான் வியாபாரம். ஆனால் இந்த வருஷம் சாரல் சரியாக இல்லை. அருவி நூல் மாதிரி விழுந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் குளிக்க ஆள் வராது, ஆள் வராவிட்டால் பழம் அழுகும். எங்கள் சபையில் பாதிப் பேருக்கு சீசன்தான் சோறு. எல்லாரும் சேர்ந்து மழைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை கடையில் வேலைக்கு வருகிற பெண் வரவில்லை. நான் கூடப் போனேன். காலையில் கடை திறக்க அப்பாவோடு போய்வருகிற பிளெஸ்ஸியும் வந்தாள். கடையின் படுதாவைத் தூக்கிக் கட்டியதும், என் வீட்டுக்காரர் வழக்கமாகச் சொல்வது போல, "ஜெபம் பண்ணு மக்கா" என்றார். அவள் ஒரு பழப்பெட்டி மேல் ஏறி நின்று கண்ணை மூடினாள்.

"இயேசப்பா, அருவில தண்ணி வரட்டும். ஆனா யாரும் வழுக்கி விழுந்துரக் கூடாது. அப்பாக்கு யாவாரம் நடக்கட்டும். பக்கத்துக் கடை மாமாவுக்கும் நடக்கணும், அவங்க வீட்டுல மூணு பிள்ளைங்க இருக்காவ. அம்மாவுக்குக் கோவம் கொறையணும். ஆமென்."

"தெனமும் இப்படியா?" என்று அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"தெனமும்தான். அவ கர்த்தரை விட்டு எங்கட்டி போனா? ஒன் கிளாஸை விட்டுத்தான் போயிருக்கா."

மங்குஸ்தான் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே என் ஜெபத்தைத் திருத்திக்கொண்டேன். பிள்ளையை மாற்றச் சொன்னது போதும் ஆண்டவரே, என்னை மாற்றும் என்றேன். அப்புறம் அவளிடம் போய், "அம்மாவை மன்னிச்சிரு மக்கா" என்றேன். என் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மைக்குல திட்டிட்டு, மன்னிப்பு மட்டும் கடையில வச்சிக் கேக்கியா?"

நியாயம்தானே! மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவிடம் அனுமதி வாங்கி, அதே மைக்கைப் பிடித்து, சபையார் முன்னால் என் மகளிடமும் எல்லாப் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். கேடயம் துடைக்கிற கை வேர்த்தது. அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எனக்கு அந்த ஒரு கால் போதுமாயிருந்தது.

அந்த வாரமே மலையில் நல்ல மழை. அருவிகள் எல்லாம் கொட்டின. அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் அசனம், அதாவது சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. கோயில் முற்றத்தில் இலை போட்டாயிற்று. சோறு வடித்தாயிற்று. அப்போது பார்த்து வானம் கறுத்து, சாரல் விழ ஆரம்பித்தது. கொட்டகை கொஞ்சம் பேருக்குத்தான் போதும். சமையலைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சி, "ஐயா, மழை நிக்க ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார். உடனே சீசன் கடைக்காரர்கள், "என்ன அண்ணாச்சி, இப்பத்தான் பெய்யுது, நிறுத்தச் சொல்லுதியளே!" என்று பதறினார்கள். போதகர் ஐயா மைக்கைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் பார்த்தார். மழைக்காக ஒரு மாதம் ஜெபித்த சபை, மழை வேண்டாம் என்று எந்த வாயால் கேட்கும்?

கடைசி வரிசைக்கு இலை போட்டுக்கொண்டிருந்த பிளெஸ்ஸி, கையிலிருந்த இலைக்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று அவரிடம் போனாள். "நான் பண்ணட்டா ஐயா?" என்றாள். எடுத்துக்கொடுக்க எனக்கு வாய் துறுதுறுத்தது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

"இயேசப்பா, மழை தந்ததுக்கு நன்றி. மலையில நல்லாப் பெய்யட்டும். பந்தியில வேண்டாம். எல்லாருக்கும் பசிக்கி. ஆமென்."

முற்றமே சிரித்தது. சிரித்த வாயோடு எல்லாரும் சேர்ந்து ஆமென் சொன்ன சத்தம் கொட்டகையைத் தூக்கியது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். சாரல் விட்டது. முதல் பந்தியும் இரண்டாம் பந்தியும் சொட்டு நனையாமல் சாப்பிட்டார்கள். மூன்றாம் பந்தியில் நானும் மற்ற டீச்சர்களும் உட்கார்ந்தோம். சாம்பார் ஊற்றியதும் மழையும் ஊற்றியது. ரசம் யார் கேட்டது, அதுவே வந்தது! ஓடிவந்து பார்த்த என் மகள், "உங்க பந்தியில பெய்யணும்னு நான் கேக்கலைம்மா" என்றாள். நனைந்த சோற்றைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். கண்ணீரும் வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது எங்கள் சண்டே ஸ்கூலில் பிள்ளைகள் தாங்களே ஜெபிக்கிறார்கள். பரீட்சைக்கும், காய்ச்சலில் கிடக்கிற ஆட்டுக்குட்டிக்கும், சண்டை போடுகிற அப்பா அம்மாவுக்கும் ஜெபிக்கிறார்கள். வேதம் வாசிக்கிறார்கள், மணி அடிக்கிறார்கள், பந்தி பரிமாறுகிறார்கள். தப்பு வந்தால் யாரும் சிரிப்பதில்லை, நானும் வாய் திறப்பதில்லை. இந்த வருஷம் வசனப் போட்டியில் மூன்றாம் இடம்தான். பழைய கேடயங்களில் தூசி படிந்திருக்கிறது. இருக்கட்டும்.

பிள்ளைகளுக்காக அழுது ஜெபிக்கிற தாய்மார்களே, தகப்பன்மார்களே, அவர் கேட்கிறார், நம்புங்கள். ஒருநாள் உங்கள் பிள்ளை தனியாக ஜெபிக்கும்போது சத்தமில்லாமல் நின்று கேட்டுப் பாருங்கள். என் மகள் இன்றைக்குக் காலையிலும் எனக்காக ஜெபித்தாள். என் கோவம் கொறையணும் என்றுதான். போன மாதம் வரை அதோடு நிறுத்தியவள், இப்போது, "கொறஞ்சிருக்கு, நன்றி இயேசப்பா, இன்னும் கொஞ்சம்" என்கிறாள்.