நனைந்தால் தெரியும் வரி

பூமிக்கு அடியில் பாறை மடிகிறது. சூட்டிலும் அழுத்தத்திலும் உடையாமல், பிசைந்த மாவு போல மெல்ல மெல்ல வளைகிறது. மதுரையில் ஒரு கல்லூரியில் வருஷா வருஷம் இதை நடத்துகிறேன். மேலே தெரியும் சாய்வை நம்பிக் கீழே இருப்பதைச் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்வேன். எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது.

மம்சாபுரத்தில் மலையை ஒட்டி எங்கள் மாந்தோப்பு. கிணறு வற்றியதால் அண்ணன் ஆழப்படுத்த ஆள் விட்டிருந்தான். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம், லீவுக்கு வந்திருந்தேன். கிணறு வெட்டுகிறவர்கள் பாறையில் கை வைக்கும் முன் வாளித் தண்ணீரை வீசிச் சுவரை நனைப்பார்கள். காய்ந்த கல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நனைந்தால்தான் வரி தெரியும். மேஸ்திரி நனைத்துப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்.

"தம்பி, வரி கீழ கெணத்துப் பக்கமா திரும்புது. அடிய வெட்டுனா மேல உள்ளது வழுக்கிட்டு வந்துரும். ஓரத்த விட்டுருவோம்."

"எந் தங்கச்சி இதத்தானண்ணே படிக்கா. அவ சொல்லட்டும்" என்றான் அண்ணன். அவனுக்கு அவ்வளவு பெருமை.

கிணற்று மேட்டில் நின்றபடியே புதுக் கருவியை வைத்துப் பாறையின் சாய்வை அளந்தேன். இறங்கிப் பார்க்கவில்லை. "செவத்துக்கு உள்பக்கமாத்தான் சாயுது. வழுக்காது, வெட்டலாம்ணே" என்றேன். மேஸ்திரி, பொறுப்பு கைமாறிவிட்டதைப் போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஆட்கள் சாப்பிட மேலே வந்த நேரம், வெட்டியதைப் பார்க்க அண்ணன் இறங்கினான். அடி இழந்த பாறை அப்படியே சரிந்தது.

அண்ணன் செத்த பழி மேஸ்திரி மேல் விழுந்தது. யாரிடமும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதன்பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை எதிரே வந்தவர், என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போனார். குனிய வேண்டியவள் நான்.

கிணற்றிலிருந்து எடுத்த கற்களில் தட்டையான ஒன்றை யாரோ பம்புசெட் பக்கம் துணி துவைக்கப் போட்டுவிட்டார்கள். அது எந்தக் கல் என்று வேறு யாருக்கும் தெரியாது. தண்ணீர் பட்டதும் வெள்ளை வரி வளைந்து திரும்புவது தெரியும். மேஸ்திரி பார்த்த அதே திருப்பம்.

போன மாதம் மதினி அதில் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கல்லத்தான படிச்ச. அது விழும்னு அந்த மேஸ்திரிக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்கும் மதினி."

"தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லலையே, பாவி."

சொன்னார் மதினி என்று வாய் வரை வந்தது. அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை என்று ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டேன். கல் காய ஆரம்பித்திருந்தது.

"தண்ணி ஊத்து" என்றாள்.

ஊற்றினேன்.