திருத்தணியில் கேட்ட வள்ளி கல்யாணம்

அரக்கோணத்திலிருந்து எட்டே மைல்தான். யுத்த கால ரயில் அதை ஊர்ந்து கடந்து திருத்தணியில் என்னை இறக்கிவிட்டபோது காலை மணி ஒன்பது. ஜட்காக்காரர் அடிவாரத்துக்கு நாலணா கேட்டார். "குதிரைக்குக் கொள்ளு கெடைக்கலீங்க" என்றார். குதிரையின் விலாவைப் பார்த்தபின் பேரம் பேச மனம் வரவில்லை.

மலையேறித் தரிசனம் முடித்து, பகல் ஒரு மணிக்குச் சத்திரத்தில் துண்டை விரித்தேன். பக்கத்தில் ஒரு நெசவாளத் தம்பதி. முனுசாமி, கன்னியம்மா என்று பெயர். பொதட்டூர்பேட்டையிலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் வந்தார்களாம். பாதி வழி பஸ் அவர்களைச் சுமந்தது, மீதி வழி அவர்கள் பஸ்ஸைத் தள்ளினார்கள்.

"இவருக்குக் காது கேக்காதுங்க. தறிச் சத்தத்துல போய்ட்ச்சி" என்றாள் கன்னியம்மா. "பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்தா, இங்க வள்ளி கல்யாணக் கதைய முழுசா கேக்கறதா வேண்டிக்கினாரு. அடுத்த மாசம் கல்யாணம். இன்னிக்குத்தான் கதை."

"காது கேட்காதவர் எப்படியம்மா கேட்பார்?"

"நான் இன்னாத்துக்கு இருக்கறன்?"

மாலை ஆறு மணிக்குச் சத்திரத்து முற்றம் நிறைந்துவிட்டது. கதை சொல்ல வந்த பாகவதர் சிரவணம் என்ற சொல்லிலிருந்து தொடங்கினார். காதில் விழுவது சிரவணம் ஆகாது, விழுந்ததை உள்ளே வாங்கி வைத்துக்கொள்வதுதான் சிரவணம், வேதத்தையே நம் முன்னோர் அப்படித்தான் காப்பாற்றினார்கள் என்றார். சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மா கணவர் காதருகே அதை உரக்கத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"உஸ்!" என்றார்கள் நாலு பேர். சரிகை அங்கவஸ்திரக்காரர் ஒருவர், "வெளியே போய்க் கத்தும்மா!" என்று சீறினார்.

அவள் எழுந்தாள். "முடிஞ்சிட்ச்சா?" என்றார் முனுசாமி, சபை முழுவதும் கேட்கும்படி. அவள் முகம் செத்துப்போயிற்று. "போனா வேண்டுதல் கெட்டுப்பூடுங்க" என்றாள் என்னிடம்.

பாகவதர் தாளம் தட்டிக்கொண்டிருந்த சிப்ளாக்கட்டையைக் கீழே வைத்தார். "உட்காரும்மா. நான் நிறுத்தி நிறுத்திச் சொல்றேன். நீ முடிச்சதும் தலையை ஆட்டு, போதும்."

அப்படியே நடந்தது. யானை வந்து வள்ளியை வெருட்டியதை அவர் கால்மணி நேரம் ராகம் போட்டு வர்ணித்தார். அவள், "யானை வந்திச்சி. பயந்துகினு கெழவனக் கட்டிக்கினா" என்று முடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சபையே சிரித்தது. பாகவதரும் சிரித்துவிட்டார்.

கல்யாணம் முடிந்தது. வள்ளி தகப்பன் வீட்டை விட்டுப் புறப்படும் இடத்தில் பாகவதர் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கன்னியம்மா வாயைத் திறக்கவில்லை.

"இன்னாமே? அப்பால இன்னா ஆச்சி?" என்று கேட்ட முனுசாமி, திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆங்... கெளம்பிட்டாளா" என்றார் மெல்ல. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகும் பாகவதர் உடனே தொடங்கவில்லை. சரிகைக்காரர்கூட அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி ரயிலில் சென்னை திரும்பினேன். எங்கள் மயிலாப்பூரிலும் நாள் தவறாமல் கதை நடக்கிறது. வருகிறவர்கள் எல்லாருக்கும் நல்ல காது. ஒருவருக்காகவும் கதை நின்று நான் பார்த்ததில்லை.